எடை குறையும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல்: மட்டக்களப்பில் ஒரு தம்பதி பற்றிய நிகழ்வு ஆய்வு

குழந்தைப்பேறு தாமதமாகும் பெண்களுக்கு எடைக் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நடத்துகிறவர்களையும், அந்தப் பெண்களை அனுப்பிவைக்கும் மருத்துவ மாதுகளையும் வைத்தியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன. எங்கள் குழுவில் எடையை நன்றாகக் குறைத்த பெண்கள் இருக்கிறார்கள்; இவர் அவர்களில் ஒருவர் அல்லர். அதனால்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்னணி

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 32. முன்பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஆறு ஆண்டுகள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவ மாது, பிள்ளை பெறும் வயதுத் தம்பதியரின் விவரங்களைக் குறிக்கும் தகுதிவாய்ந்த தம்பதியர் பதிவேட்டைப் புதுப்பிக்க வீடு வீடாகப் போனபோது இவரைச் சந்தித்தார். "ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. தனியார் கிளினிக்கில் காட்டினார். இப்போது போவதில்லை" என்று துண்டில் எழுதி எங்களிடம் அனுப்பினார். எங்கள் நிகழ்ச்சித்திட்டம் சிறியது. வைத்தியசாலை ஒன்றின் பெண்ணோயியல் கிளினிக்குடன் சேர்த்து நடத்தப்படுவது. ஒரு போசாக்கு உத்தியோகத்தர், இரண்டு தாதியர், மருத்துவ அதிகாரியாக நான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழுவாகச் சந்திப்போம். இடையில் தொலைபேசியில் விசாரிப்போம்.

அந்த "ஆறு வருடம்" என்பதை உடைத்துப் பார்த்தோம். கணவர் திருமணமாகி ஒரு மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டுக்கு மேல் அங்கே வேலை. இடையில் இரண்டு முறை, இரண்டிரண்டு மாத விடுமுறை. அவர் நிரந்தரமாக ஊர் திரும்பி அப்போது 20 மாதங்கள் ஆகியிருந்தன. ஆக, இருவரும் ஒரே வீட்டில் இருந்த காலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்தான். கிழக்கில் இது அபூர்வமான கதையல்ல. குழந்தையின்மை என்று சொல்வதற்கு, கருத்தடை இல்லாமல் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்த 12 மாதங்கள் என்பதே அளவுகோல். பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டினால் ஆறு மாதங்கள். கல்யாணப் பத்திரிகையின் தேதியிலிருந்து எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.

அந்த 20 மாதங்களிலும் இவருக்கு வந்த மாதவிடாய் ஒன்பது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சில வேளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்து, சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லியிருந்தார்கள். "பத்துக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு மருந்து தொடங்கலாம்" என்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே அறிவுரை. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கணவரைப் பரிசோதிக்கவும் இல்லை.

அவர் தானாகவே முயன்றிருக்கிறார். இரவுச் சாப்பாட்டை விட்டார். காலையில் கொள்ளு அவித்த தண்ணீர் குடித்தார். பிறகு முகநூலில் விற்ற ஒரு மாவை வாங்கிக் கரைத்துக் குடித்தார். 77 கிலோவில் தொடங்கி இரண்டு மாதத்தில் 6 கிலோ குறைந்தது. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. மா வாங்கக் காசு முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார். குறைந்த ஆறுக்குப் பதிலாக எட்டுக் கிலோ ஏறியது. அந்த வெட்கத்தில் கிளினிக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

முதல் சந்திப்பில் தெரிந்தவை

ஆவணி மாத நடுப்பகுதியில் வந்தார். உயரம் 154 சென்ரிமீற்றர், எடை 79.4 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி 33.5. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5க்கு மேல் அது உயர்ந்த ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்த எல்லை. இடுப்புச் சுற்று 98 சென்ரிமீற்றர். தெற்காசியப் பெண்களுக்கு 80ஐத் தாண்டக்கூடாது. கழுத்தின் பின்புறத்தில், வெல்வெட் துணி போன்ற கறுப்பு. அதை அவர் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது என்று சொன்னபோது, "அப்போது இது என் ஊத்தை இல்லையா, மிஸி?" என்று தாதியிடம் கேட்டார். முகவாயில் முடி வளர்ச்சியும் இருந்தது.

வெறுவயிற்று இரத்தச் சீனி 108, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் 152. நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசற்படி. தைரொயிட் சரி. ஹீமோகுளோபின் 10.9, அதாவது இரத்தச்சோகை. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹோர்மோன் மிகையின் அடையாளங்கள், ஸ்கேனில் தெரிந்த சூலகத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே பி.சி.ஓ.எஸ். என்ற சூலக ஹோர்மோன் கோளாறு என்று முடிவு செய்யலாம் என்பது 2003இல் ரொட்டர்டாமில் வகுத்த விதி. இவரிடம் மூன்றும் இருந்தன.

இன்னொன்றும் தெரிந்தது. இருவரும் "பதினான்காம் நாள்" என்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய் வந்த நாளிலிருந்து எண்ணி, 14ஆம் நாளும் அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் மட்டும். 28 நாள் சுழற்சிக்குத்தான் அந்தக் கணக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்னதாக முட்டை வெளிவருகிறது. 60 நாள் சுழற்சியில் அது 46ஆம் நாளை ஒட்டி வரும். தப்பான நாளில் ஒழுங்காக முயன்றிருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, நாள் எண்ணாமல் என்று சொன்னதும் அவர் முகத்தில் வந்த ஆறுதலை வெட்கமும் மறைக்கவில்லை.

மனநிலையையும் விசாரித்தோம். ஒரு வருடமாக உறவினரின் சாமத்திய வீட்டுக்கோ வளைகாப்புக்கோ போவதில்லை என்றார். ஆலத்தி எடுக்க வரிசையாகப் பெண்களை அழைக்கும்போது தன்னைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட்டதை மிகச் சாதாரணமான குரலில் சொன்னார். அப்படிப்பட்ட நாட்களில் இரவு எல்லோரும் படுத்தபின் பிஸ்கட் டின்னைத் திறப்பாராம். உளநலத் தாதியிடம் தனியாகப் பேச ஏற்பாடு செய்தோம்.

ஆய்வுகள் சொல்வதும் நாங்கள் எடுத்த முடிவும்

"முதலில் எடை, பிறகு மருந்து" என்ற வரிசையை இவருக்குப் பின்பற்றுவதில்லை என்பதுதான் முதல் முடிவு. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வரிசை நம் கிளினிக்குகளில் கேள்வி கேட்கப்படாமல் புழங்குகிறது.

உற்சாகமூட்டும் தரவு அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரிலிருந்து வந்தது. ஆறு மாதக் குழு நிகழ்ச்சியை முடித்த 67 பெண்களில் சராசரியாக 10.2 கிலோ குறைந்தது. 60 பேருக்கு முட்டை வெளிவரத் தொடங்கியது. 52 பேர் கருவுற்றார்கள் என்று 1998இல் எழுதினார்கள். எங்கள் நிகழ்ச்சித்திட்டமும் ஒரு வகையில் அதன் பேரப்பிள்ளைதான். ஆனால் அது, பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல. நின்று முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த நிகழ்ச்சியும் அழகாகத்தான் தெரியும்.

சீட்டுக் குலுக்கிப் பிரித்த பெரிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளிவந்தது. உடற்திணிவுச் சுட்டி 29 அல்லது அதற்கு மேற்பட்ட 577 பெண்கள். ஒரு பாதிக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைப் பயிற்சி, அதன் பிறகு சிகிச்சை. மறுபாதிக்கு உடனடிச் சிகிச்சை. 24 மாதத்துக்குள் நிறைமாதத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையை இயல்பான பிரசவத்தில் பெற்றவர்கள் பயிற்சிக் குழுவில் 27.1 சதவீதம், உடனடிச் சிகிச்சைக் குழுவில் 35.2 சதவீதம். காத்திருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் சிகிச்சை இல்லாமல் தாமாகக் கருவுற்றவர்கள் பயிற்சிக் குழுவில் 26.1 சதவீதம், மற்றதில் 16.2 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; முதலாவதை வேறு பலர் மறைத்துவிடுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது: பயிற்சிக்கு மதிப்பு உண்டு, அதைச் சிகிச்சையின் வாசலில் பூட்டாகத் தொங்கவிட்டால் நேரம் போகிறது. பெண்ணுக்கு 24 வயதானால் அந்த நேரம் பெரிதில்லை. 32இல் சிறிது காத்திருக்கலாம். 37இல் காத்திருப்பது அநியாயம்.

இவருக்கு நாங்கள் வைத்த தவணை நான்கு மாதம். அதற்குள் எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் முட்டை வெளிவருவதைத் தூண்டும் லெட்ரோசோல் தொடங்குவது என்று முதல் நாளிலேயே கிளினிக் கொப்பியில் எழுதினோம். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு முதலில் தேர வேண்டிய மருந்து அதுவே என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது. அந்த நான்கு மாதமும் வெறும் காத்திருப்பாக இருக்கக்கூடாது. இரத்தச் சீனியைக் கீழே கொண்டுவருவது, இரத்தச்சோகையைத் தீர்ப்பது, ஃபோலிக் அமிலம் கொடுப்பது, கணவரைப் பரிசோதிப்பது. உண்மையில் என்னை அவசரப்படுத்தியது எடையைவிட அந்த 152தான். சீனி கூடியிருக்கும்போது கரு தங்கினால், உறுப்புகள் உருவாகும் முதல் வாரங்களிலேயே பாதிப்பு வரலாம். அந்த வாரங்களில் பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கர்ப்பமென்றே தெரியாது.

எடைக்கு வைத்த இலக்கு 5 சதவீதம், அதாவது 4 கிலோ. பத்துக் கிலோ என்ற பேச்சையே எடுக்கவில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபோர்மின் குளிசையை இரவுச் சாப்பாட்டுடன் 500 மில்லிகிராமில் தொடங்கினோம். தொலைபேசியில் பார்த்த எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்டார். கருவுற முயலும் காலத்தில் அது ஆகாது, நிறுத்தி இரண்டு மாதமாவது போன பிறகே முயல வேண்டும் என்று விளக்கினோம்.

எடை பார்ப்பதைத் தனி அறைக்கு மாற்றியிருந்தோம். வரிசையில் நிறுத்தி, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, மற்றொருவர் எழுதும் பழக்கம் நம் கிளினிக்குகளில் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே வராமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். இங்கே தராசில் ஏறுகிறவர் தன் எண்ணைத் தானே கொப்பியில் எழுதுவார்.

சமையலறை

இந்தக் கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே மருமகளின் சாப்பாட்டை மாமியார் தீர்மானிக்கும் கதை இங்கே பொருந்தாது. இவர் வீட்டில் அடுப்பு அவருடைய தாயின் கையில். பின்வளவில் சிறிய வீடு. மூன்று பேருக்கும் சமையல் அவரே. மகள் காலை ஏழரைக்கு முன்பள்ளிக்குப் போகிறவர். என்ன சமைப்பது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. மகளுக்கு மட்டும் வகுப்பெடுத்து அனுப்பினால் ஒரு வாரம்கூட நிற்காது.

தாயைக் கூப்பிட்டோம், வரவில்லை. போசாக்கு உத்தியோகத்தரும் மருத்துவ மாதுவும் வீட்டுக்குப் போனார்கள். கையில் சிறிய சமையல் தராசு. "அம்மா, எப்போதும் போடுவது போலவே பிள்ளைக்குச் சோற்றைப் போடுங்கள்" என்றார்கள். அவர் கோப்பையில் சோற்றைக் குவித்து, நடுவில் கையால் அமுக்கி, மேலே இன்னும் ஒரு அகப்பை வைத்தார். 520 கிராம். ஏறத்தாழ 700 கலோரி, கறிகளைக் கணக்கில் எடுக்காமல். சூரைமீன் குழம்பில் மீன் ஒரு துண்டு. கீரைச் சுண்டல் இரண்டு விரலால் அள்ளும் அளவு. ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய். பிறகு சீனி டின்னைக் கேட்டார்கள். மகள் ஒரு நாளில் ஐந்து தேத்தண்ணீர் குடிக்கிறார், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி. மொத்தம் 75 கிராம் சீனி, 300 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நல்லதென்று சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 25 கிராம்.

தாய் இதைக் குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். "பிள்ளை இல்லாத பிள்ளை. சாப்பாட்டிலும் குறை வைக்கச் சொல்கிறீர்களா?" என்றார். மருத்துவ மாது அதற்குப் பதில் சொல்லாமல் சீனியைப் பற்றியும் கழுத்துக் கறுப்பைப் பற்றியும் பேசினார். தாய்க்கே பத்து வருடமாக நீரிழிவு; கழுத்தில் அதே கறுப்பு. அந்த இடத்தில்தான் பேச்சு திரும்பியது. "அப்போது மனே, இது என்னிடமிருந்தா உனக்கு வந்தது?" என்று மகளைக் கேட்டாராம். அடுத்த குழுச் சந்திப்புக்கு அவரும் பஸ் ஏறி வந்தார்.

மாற்றியது குறைவு. சோறு இரண்டு அகப்பை, அமுக்காமல். இயன்ற நாட்களில் சிவப்புப் பச்சையரிசிச் சோறு. மீன் இரண்டு துண்டு, கீரையும் மரக்கறியும் கோப்பையில் பாதி. தேத்தண்ணீர் மூன்று, சீனி ஒரு கரண்டியில் தொடங்கிப் படிப்படியாக இல்லாமல். சாப்பிட்ட உடனே தேத்தண்ணீர் வேண்டாம். இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது தடுக்கும். தேங்காயை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த ஊரில் தேங்காயை நிறுத்தச் சொல்கிறவரை யாரும் இரண்டாம் முறை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அரைத் தேங்காய் போதும் என்று தாயே சொன்னார். அதற்கு விலையேற்றமும் ஒரு காரணம். இரவுச் சாப்பாடுதான் சிக்கல். கணவர் லொறியுடன் வீடு வர ஒன்பதரை ஆகும். அவருடன் சேர்ந்து சாப்பிடுவது இவருடைய விருப்பம். அதைப் பிடுங்காமல், ஏழு மணிக்கு அவித்த கடலையோ பயறோ, பிறகு கணவருடன் ஒரு அகப்பைச் சோறு என்று அமைத்தோம்.

ஸ்கூட்டியிலிருந்து சைக்கிளுக்கு

கணவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் இவர் முன்பள்ளிக்குச் சைக்கிளில் போனார். போக மூன்று கிலோமீற்றர், வர மூன்று. கணவர் வந்ததும் ஆசையாக ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தார். எடை ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகு என்பதை அவரே கொப்பியில் ஆண்டு வாரியாக எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

நடைப்பயிற்சியைப் பரிந்துரைப்பது எளிது. மாலையில் ஒழுங்கையில் தனியாக நடக்கும் பெண்ணை "எங்கே போகிறாய்?" என்று நாலு வாசலில் கேட்பார்கள், ஐந்தாவது வாசலில் காரணமும் அவர்களே சொல்வார்கள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவரை யாரும் கேட்பதில்லை. ஆகவே சைக்கிளையே எடுக்கச் சொன்னோம். கருப்பை இறங்கிவிடும் என்று தாய் பயந்தார். சைக்கிள் ஓடுவதால் கருப்பை இறங்காது என்று சொல்லி, மகளின் வயதில் அவரே எத்தனை மைல் நடந்து விறகு கொண்டுவந்தார் என்று கேட்டோம். அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அத்துடன் வீட்டில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தெழும் பயிற்சியும் சுவரில் தள்ளும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாள்.

கணவர்

முதல் மூன்று சந்திப்புக்கும் அவர் மனைவியைக் கொண்டுவந்து விட்டு, வாசலுக்கு வெளியே மர நிழலில் லொறிக்குள் இருந்தார். ஆண்கள் உட்கார அந்தக் கிளினிக்கில் ஒரு கதிரைகூட இல்லை. குற்றம் அவருடையது மட்டுமல்ல. நான்காம் முறை ஆண் தாதி ஒருவர் லொறியருகே போய்ப் பேசினார். "எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. அவவுக்குத்தான் கட்டி" என்றார் அவர். தாதி வாதாடவில்லை. மனைவிக்கு மருந்து தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் ஸ்கேனுக்கும் பஸ்ஸுக்கும் செலவாகும், உங்கள் பக்கம் சரி என்று தெரிந்தால் அந்தக் காசு வீணாகாது என்று மட்டும் சொன்னார். செலவுக் கணக்கு வேலை செய்தது.

விந்துப் பரிசோதனையில் ஒரு மில்லிலீற்றருக்கு 13 மில்லியன், அசைவுள்ளவை 36 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின் கீழெல்லை 16 மில்லியன், 42 சதவீதம். குறைவுதான், ஆனால் கருவுறவே முடியாத அளவு அல்ல. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். நாள் முழுக்கச் சூடேறும் எஞ்சினுக்கு மேலே இருக்கை. புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். அதற்குள் சிகரெட்டை முழுதாக நிறுத்தியிருந்தார். 22 மில்லியன், 44 சதவீதம். சிகரெட்டை விட்டதால் வந்த மாற்றமா, இயல்பாகவே பரிசோதனைக்குப் பரிசோதனை வரும் ஏற்ற இறக்கமா என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர் முதலாவதையே நம்பினார். நாங்கள் அதைக் கலைக்கவில்லை.

ஐப்பசியும் கார்த்திகையும்

ஆறாம் வாரத்தில் 77.6 கிலோ. ஐப்பசியில் கந்தசஷ்டி. ஆறு நாள் விரதம், பிள்ளை வரம் வேண்டி. விரதத்தை விடச் சொல்வதா என்று குழுவுக்குள் பேச்சு வந்தது. இன்சுலினோ சீனியை வேகமாக இறக்கும் குளிசையோ அவர் எடுக்கவில்லை. மெட்ஃபோர்மினால் மட்டும் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. ஆகவே தடுக்கவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுடன் குளிசை, பகலில் பாலும் பழமும், தண்ணீர் தாராளமாக. முந்திய வருடங்களில் விரதம் முடிந்த நாளில்தான் சர்க்கரைப் பொங்கலும் வடையும் எல்லை மீறின என்று அவரே சொன்னதால் அந்த ஒரு நாளைத் திட்டமிட்டோம். கார்த்திகை நடுப்பகுதியில் 75.9. இலக்கை எட்ட இன்னும் அரைக் கிலோ.

பிறகு வெள்ளம். வடகீழ்ப் பருவக்காற்று மழையில் வாவி பெருகி, ஒழுங்கைகள் முழங்காலளவு நீரில் கிடந்தன. முன்பள்ளி மூடப்பட்டது. சைக்கிள் மேசைமேல் ஏறியது. நிவாரணப் பொதியில் வெள்ளையரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, பிஸ்கட். காலையில் ரொட்டி, இரவிலும் ரொட்டி. மரக்கறி வண்டி வரவில்லை. தண்ணீர் வடிந்தபோது 77.0. எங்கள் கைநூலில் வெள்ள காலத்துக்கென்று ஒரு வரிகூட இருக்கவில்லை. வருடா வருடம் வெள்ளம் வரும் மாவட்டத்தில் நடத்தும் நிகழ்ச்சி இது.

நான்காம் மாதம்

தவணை நாளில் எடை 76.6. குறைந்தது 2.8 கிலோ, 3.5 சதவீதம். வைத்த இலக்கு எட்டப்படவில்லை. தராசை மட்டும் பார்த்தால் தோல்வி.

மற்ற எண்கள் வேறு கதை சொல்லின. இடுப்புச் சுற்று 98இலிருந்து 93. வெறுவயிற்றுச் சீனி 99, இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் 136. இரண்டும் இயல்பு எல்லைக்குள். ஹீமோகுளோபின் 12.1. மாதவிடாய் 52 நாளில், பிறகு 41 நாளில், பிறகு 36 நாளில் வந்தது. உட்புறக் கொழுப்பு சிறிது குறைந்தாலே இன்சுலின் அளவு இறங்கி, சூலகம் ஆண் ஹோர்மோனைச் சுரப்பது தணிகிறது. தராசு அதைக் காட்டுவதில்லை. மெட்ஃபோர்மினின் பங்கையும் இதில் கழிக்கக்கூடாது.

சிகிச்சைக் கிளினிக்கில், இன்னும் மூன்று மாதம் பார்க்கலாமே, எடை இறங்கிக்கொண்டுதானே இருக்கிறது என்ற கருத்து வந்தது. நியாயமான கருத்துதான், எடை கூடியவர்களுக்குக் கர்ப்ப காலச் சிக்கல்கள் கூடும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் சீனி இயல்புக்கு வந்துவிட்டது. இனி இறங்கக்கூடிய இரண்டு மூன்று கிலோ அந்த ஆபத்தைப் பெரிதாக மாற்றப்போவதில்லை. தவணை என்று எழுதிக் கொடுத்ததை மாற்றினால் அவர் மீண்டும் வராமலே போய்விடக்கூடும் என்ற பயமும் இருந்தது. கொப்பியில் எழுதியபடியே தையில் லெட்ரோசோல் தொடங்கப்பட்டது. குழுவுக்கு வருவதும் தொடர்ந்தது.

சிகிச்சையும் கர்ப்பமும்

முதல் சுழற்சியில் 2.5 மில்லிகிராம், ஐந்து நாள். ஸ்கேனில் முட்டைப் பை வளரவில்லை. இரண்டாவதில் 5 மில்லிகிராம். பை 19 மில்லிமீற்றர் வரை வளர்ந்து முட்டை வெளிவந்தது, கரு தங்கவில்லை. அந்த மாதம் அவர் குழுவுக்கு வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. தாய்தான் வந்து, "பிள்ளை அழுதுகொண்டு கிடக்கிறாள், டொக்டர். நான் சோற்றை மட்டும் அளந்து போடுகிறேன்" என்றார். மூன்றாவது சுழற்சியில் கருவுற்றார். அப்போது எடை 75.8.

முதல் மாதங்களில் சீனி சரியாக இருந்தது. 26 வாரத்தில் கர்ப்பகால நீரிழிவு தெரியவந்தது. நாங்கள் எதிர்பார்த்ததுதான். சாப்பாட்டாலும் மெட்ஃபோர்மினாலும் கட்டுக்குள் நின்றது; இன்சுலின் தேவைப்படவில்லை. சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுவது என்னவென்று அந்த வீட்டுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நிகழ்ச்சித்திட்டத்தின் பெரிய பயன் இதுவாகவே இருந்திருக்கலாம். கர்ப்ப காலத்தில் 8 கிலோ ஏறினார். சுட்டி 30ஐத் தாண்டியவர்களுக்குச் சொல்லப்படும் 5 முதல் 9 கிலோ எல்லைக்குள். 38 வாரத்தில் பிரசவ வலியைத் தூண்டியும் முன்னேற்றம் இல்லாததால் சத்திரசிகிச்சை. பெண் குழந்தை, 3.1 கிலோ.

அவருடன் இருந்த குழுவில் வேறு சிலரும் கருவுற்றார்கள், சிலர் கருவுறவில்லை. மிக நன்றாக எடை குறைத்த ஒருவரும் கருவுறாதவர்களில் அடக்கம். அவருக்குக் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது. எத்தனை கிலோ குறைத்தும் குழாய் திறக்காது. இவருடைய கதையை எடுத்துக்கொண்டு எங்கள் நிகழ்ச்சி குழந்தை தருகிறது என்று யாராவது சுவரொட்டி அடித்தால் அது பொய்.

இனி மாற்ற வேண்டியவை

சில மாற்றங்கள் ஏற்கனவே நடந்துவிட்டன. சேரும் நாளிலேயே தம்பதி சேர்ந்து வாழ்ந்த மாதங்களை எண்ணி எழுதுகிறோம். கணவருக்கான பரிசோதனைக் கடிதமும் அன்றே கொடுக்கப்படுகிறது. குழாய்ப் பரிசோதனை எப்போது என்பதும் முன்கூட்டியே முடிவாகிறது. சிகிச்சை தொடங்கும் தவணையை வயதுக்கேற்பக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, அனுப்பிய வைத்தியரின் ஒப்புதலையும் வாங்கிவிடுகிறோம். கிளினிக்கில் ஆண்களுக்குக் கதிரை போட்டாயிற்று. அதில் உட்காருகிறவர்கள் இன்னும் சிலர்தான். கார்த்திகை, மார்கழிக்கென்று தனிப் பக்கம் எழுதியிருக்கிறோம்: நிவாரணப் பொதியில் வரும் பருப்பையும் வெள்ளத்துக்கு முன் வாங்கி வைத்த நெத்தலிக் கருவாட்டையும் எப்படிப் பயன்படுத்துவது, வீட்டுக்குள் என்ன பயிற்சி என்று. கருவாட்டின் உப்பைப் பற்றிப் போசாக்கு உத்தியோகத்தருக்கும் எனக்கும் இன்னும் இணக்கம் வரவில்லை.

தீராமல் இருப்பது பிரசவத்துக்குப் பிந்திய காலம். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை திரும்பச் செய்ய வேண்டும். இவர் வரவில்லை. குழந்தையின் இரண்டாம் மாதத் தடுப்பூசிக்குத் தவறாமல் போனார். எங்கள் பரிசோதனை வேறொரு நாளில், வேறொரு இடத்தில், வெறுவயிற்றில். பாலூட்டும் தாய் சாப்பிடாமல் பஸ் ஏறி வரமாட்டார் என்பது யாருக்கும் தெரியாத விடயமல்ல. அடுத்த குழுவிலிருந்து அந்தப் பரிசோதனையைத் தடுப்பூசி கிளினிக் நாளில், அதே இடத்தில், காலை முதல் வேலையாகச் செய்ய மருத்துவ மாதுவுடன் ஏற்பாடு செய்திருக்கிறோம். இவருக்குக் குழந்தைக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதுதான் செய்ய முடிந்தது. எடை 79.2. வெறுவயிற்றுச் சீனி 111, இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் 158. மெட்ஃபோர்மின் மீண்டும் தொடங்கப்பட்டிருக்கிறது. முன்பள்ளிக்கு அவர் இன்னும் திரும்பவில்லை, சைக்கிளும் ஓடவில்லை. குழுவில் இப்போது மீண்டும் பெயர் பதிந்திருக்கிறார். குழந்தையின்மைக்கென்று அமைந்த நிகழ்ச்சியில் தாயான ஒருவரைச் சேர்க்கலாமா என்று நிர்வாகத்திடமிருந்து கேள்வி வந்திருக்கிறது. சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.